குறைந்த தொகை இணையப் போக்கரில் எந்த ஆட்டம் வெல்கிறது? 60,000 கைகளின் கணக்கு

வெள்ளவத்தையான்

கடந்த ஒன்றரை ஆண்டாக 0.02/0.05 டொலர் மேசைகளில் (சீட்டு வரமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் தொகைகள் இவை; பெரியது, பிக் பிளைண்ட், 5 சதம்; மேசைக்குக் கொண்டுபோகும் முழுத் தொகை ஐந்து டொலர்), ஆறு பேர் அமரும் நோ-லிமிட் ஹோல்டெம் ஆடி வருகிறேன். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, இரண்டு மேசைகள் மாத்திரம் திறப்பேன். ஆடிய ஒவ்வொரு கையும் கணினியில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கு இந்தக் கிழமை 60,000 கைகளைத் தாண்டியதால், இதே மேசைகளில் பணத்தை இழந்துகொண்டிருக்கும் நம்மவர்கள் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் 20,000 கைகளில் 45 டொலர் நட்டம். அடுத்த 40,000 கைகளில் 165 டொலர் இலாபம். இடையில் நான் மாற்றிக்கொண்டவை அதிகம் இல்லை. முன்பு இரண்டு கைக்கு ஒன்று ஆடுவேன். இப்போது முதலில் பேசவேண்டிய இருக்கையில் நூற்றுக்குப் பதினைந்து கைகளும், கடைசியில் பேசும் பட்டன் இருக்கையில் நூற்றுக்கு நாற்பது கைகளும்தான் ஆடுகிறேன். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதிக்கு எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்பதை என் சொந்தப் பதிவேடே எனக்குக் காட்டியது. பட்டனில் இலாபம் தந்த அதே சீட்டுகள் முதல் இருக்கையில் நட்டம் தந்திருந்தன.

ஆனால் பெரிய மாற்றம் அதுவல்ல. இந்த மேசைகளில் இருப்பவர்கள் சீட்டை மடக்கி அந்தக் கையை விட்டு விலகுவதற்கு வரவில்லை, பார்ப்பதற்கு வந்திருக்கிறார்கள். இதை நான் விளங்கிக்கொள்ள ஓர் ஆண்டு பிடித்தது. ஒரு கையை அப்படியே தருகிறேன்.

நான் பட்டனில் இருக்கிறேன், ஏஸும் குயீனும் வெவ்வேறு இனம். எனக்கு முன்னால் இருப்பவர் ஐந்து சதம் மட்டும் போட்டு உள்ளே வருகிறார். அவர் நூற்றுக்கு அறுபது கைகள் ஆடுபவர், ஏற்றுவது மிக அரிது. நான் 25 சதமாக ஏற்றினேன். பிளைண்ட் இருவரும் மடக்கினார்கள், அவர் கோல் செய்தார், அதாவது அதே தொகைக்கு ஈடு வைத்தார். நடுவில் சேர்ந்த பணமான பொட்டில் 57 சதம். பிளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகள், குயீன், 7, 2, மூன்றும் மூன்று இனம். அவர் செக் (பணம் வைக்காமல் விட்டார்), நான் 40 சதம், அவர் கோல். டேர்ன், அதாவது நான்காவது சீட்டு, 3. அவர் செக், நான் ஒரு டொலர், அவர் மீண்டும் கோல். ரிவர், அதாவது கடைசிச் சீட்டு, 8. அவர் செக். பொட்டில் 3 டொலர் 37 சதம்; இருவரிடமும் மீதி 3 டொலர் 35 சதம்.

பழைய நான் இந்த இடத்தில் செக் செய்திருப்பேன். ‘மூன்று தரம் கோல் செய்தவரிடம் ஏதோ இருக்கிறது’ என்ற பயம் அது. இப்போது மீதி முழுவதையும் வைத்தேன். அவர் பத்து விநாடி யோசித்து, குயீனும் 9உம் வைத்துக்கொண்டு கோல் செய்தார். இருவருக்கும் குயீன் சோடிதான்; என் ஏஸ் அவருடைய 9ஐவிடப் பெரிது என்பதால் 10 டொலர் 7 சதப் பொட் எனக்கு வந்தது. அதில் ஐந்து வீதம் ரேக்காக, அதாவது தளத்தின் பங்காகப் போனது.

கட்டுபெத்த மாணவன்

அண்ணா, பதிவுக்கு நன்றி. எனக்கு ஓர் உடன்பாடின்மை இருக்கிறது. நான், சமநிலை ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் சொல்வர் மென்பொருளில் பயிற்சி எடுப்பவன். ரிவரில் நல்ல சீட்டுடன் மட்டும் பெரிய தொகை வைத்தால், கவனித்துக்கொண்டிருக்கும் எதிராளி எல்லாவற்றையும் மடக்கிவிடுவார். பொட் அளவு பந்தயம் கட்டும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கு புளஃபாக, அதாவது நல்ல சீட்டில்லாமல் கட்டும் ஏமாற்றுப் பந்தயமாக, இருக்கவேண்டும் என்பதுதான் சமநிலைக் கணக்கு. 2019 இல் புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேசையில் உயர்மட்டத் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றதும் இந்த வழியில்தான். நீங்கள் சொல்வது குறுகிய காலத்துக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அத்துடன், மூன்று பந்தயத்துக்கும் கோல் செய்தவரின் கையில் இரண்டு சோடியோ மூன்று ஒரேமாதிரிச் சீட்டோ இருக்கும் வாய்ப்பை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் குயீன் 9 காட்டியது நற்பேறாகவும் இருக்கலாம்.

உயர்தரக் கணிதம்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. எண்ணிப் பார்த்தால் விடை தெரியும். சேர்மானம் படித்த எவரும் செய்யக்கூடிய கணக்கு இது.

தரையில் ஒரு குயீன், ஆட்டக்காரர் கையில் ஒரு குயீன், மீதி இரண்டு. ஆகவே கிங்-குயீன் எட்டு விதமாகவும், குயீன்-ஜாக் எட்டு, குயீன்-10 எட்டு, குயீன்-9 எட்டு விதமாகவும் அமையும், மொத்தம் 32. மீதி மூன்று ஏஸ், மூன்று 7 என்பதால் ஏஸ்-7 ஒன்பது விதம். பத்துச் சோடியும் ஒன்பதுச் சோடியும் ஆறு ஆறு. இவை அனைத்தும் ஏஸ்-குயீனிடம் தோற்பவை: 53.

வெல்பவை: 7, 2, 3, 8 ஆகியவற்றின் சோடி கையில் இருந்தால் ஒவ்வொன்றும் மூன்று விதம், ஆக 12. குயீன்-7 ஆறு, குயீன்-8 ஆறு, 8-7 ஒன்பது. மொத்தம் 33.

கோல் செய்யும் 86 விதங்களில் 53 இல் வென்று 33 இல் தோற்றால், 3 டொலர் 35 சதப் பந்தயத்தின் எதிர்பார்ப்புப் பெறுமானம் (சராசரியாகக் கிடைக்கும் இலாபம்), ரேக் கழிக்கமுன், ஏறத்தாழ 78 சதம். பதினைந்து பிக் பிளைண்டுக்கு மேல். செக் செய்யும் பழக்கமுள்ளவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பதினைந்தை மேசையிலேயே விட்டுச் செல்கிறார்.

கட்டுபெத்த மாணவன்

ஐயா, பத்துச் சோடியும் ஒன்பதுச் சோடியும் வைத்திருப்பவர் முழுத் தொகைக்கு மடக்கிவிடுவார் என்று வைத்துக்கொண்டால்?

உயர்தரக் கணிதம்

அப்போது 74 இல் 41 வெற்றி, 33 தோல்வி. பெறுமானம் 36 சதமாகக் குறைகிறது. ஆனாலும் நேர்ப் பெறுமானமே. தவிர, வெல்லும் 33 இல் மூன்று 7, மூன்று 2, குயீன்-7 போன்றவற்றை வைத்திருந்தவர் பிளாப்பிலோ டேர்னிலோ ஒரு தடவையாவது ஏற்றியிருக்கக்கூடும். அவரிடமிருந்து அந்த ஏற்றம் வரவில்லை என்பதால் 33 என்ற எண்ணும் சற்றுக் குறையும்.

சமநிலை பற்றி ஒரு வார்த்தை. பொட் அளவு புளஃப் இலாபம் தர எதிராளி இரண்டில் ஒரு தடவைக்கு மேல் மடக்கவேண்டும்; அரைப் பொட் அளவு என்றால் மூன்றில் ஒரு தடவைக்கு மேல். சமநிலை உத்தி என்பது எதிராளி எதைச் செய்தாலும் நம்மைச் சுரண்ட முடியாதபடி காப்பது. மடக்காத ஒருவரிடமிருந்து எவ்வளவு பெறலாம் என்பது அதற்கு வேறான கேள்வி. உங்கள் சொந்தப் பதிவைத் திறந்து, ரிவரில் நீங்கள் செய்த புளஃப்களில் எத்தனை மடக்கப்பட்டன என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை மூத்தவர்

நான் கணினியில் ஆடுவது மகன் கற்றுக்கொடுத்த பிறகுதான். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக 304 என்ற சீட்டாட்டம் ஆடியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் போக்கரில் தோற்பதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது என்று நம்புகிறேன்.

304 இல் எட்டுச் சீட்டு கைக்கு வந்தால், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும், எட்டையும் ஆடியே தீரவேண்டும். துரும்பு கேட்காமல் விடலாம். ஆட்டத்தை விட்டு எழ முடியாது. கூட்டாளி எதிரே இருக்கிறார், அவருக்காகவாவது இருக்கும் சீட்டை வைத்து ஏதாவது செய்யவேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குப் போக்கரில் இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு உடனே வைத்துவிடுவது ஏதோ கடமை தவறியது போல் இருக்கும். எனக்கு மாதக்கணக்கில் அப்படித்தான் இருந்தது. ஜாக்கும் 4உம் வந்தால்கூட, 304 இல் ஜாக் முப்பது புள்ளி அல்லவா, கை தானாகவே உள்ளே போகும்.

இன்னொன்று: 304 இல் கெட்டிக்காரன் என்பவன் போன சீட்டை நினைவில் வைத்திருப்பவன். முப்பத்திரண்டு சீட்டில் எது விழுந்தது, எது யாரிடம் மிச்சம் என்று கடைசி இரண்டு பிடிக்கு முன்பே சொல்லிவிடுவான். போக்கரில் ஒவ்வொரு கைக்கும் 52 சீட்டும் புதிதாகக் கலைக்கப்படுவதால், அந்த நினைவாற்றலை ஆட்களின் மேல் திருப்பவேண்டும். யார் எந்தச் சீட்டைக் காட்டினார், அதற்கு முன் எப்படிப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறேன். மடக்கிவிட்டு இருக்கும் நேரம்தான் எனக்கு எழுதும் நேரம். அப்படி எழுதத் தொடங்கிய பிறகு மடக்குவது கடினமாக இல்லை.

தெஹிவளை வாசகி

எல்லாரும் கணக்குப் பேசுவதால் நானும் ஒரு கணக்கைக் கேட்கிறேன். வெள்ளவத்தையான் அண்ணா, மொத்த இலாபம் 120 டொலர். இரண்டு மேசைகளில் மணித்தியாலத்துக்குச் சுமார் 140 கைகள் என்று வைத்தால், 60,000 கைகளுக்கு 428 மணித்தியாலங்கள். மணிக்கு 28 சதம். டொலர் 300 ரூபா என்றால் 84 ரூபா. இதை வெல்லும் ஆட்டம் என்று தலைப்பில் போடும்போது, இந்த எண்ணையும் முதல் பதிவிலேயே போட்டிருக்கவேண்டும் என்பது என் கருத்து. இளம் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தம்பி இதே மேசைகளில்தான் தொடங்கினான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, சம்பளம் ரூபாவில் வரும் வீட்டில் டொலரில் வெல்வது என்ற எண்ணம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். ஐந்து டொலர் மேசையில் ஓரளவு நன்றாகத்தான் ஆடினான். ஓரிரவு நான்கு தடவை முழுத் தொகையையும் இழந்தான். ஒவ்வொரு தடவையும் நல்ல சீட்டுடன். இழந்ததை விரைவாகப் பிடிக்கவேண்டும் என்று அன்றிரவே ஐம்பது டொலர் மேசைக்குப் போனான். காலையில் அம்மாவின் மருந்துக்கு வைத்திருந்த பணமும் இல்லை. ஆட்டம் தெரியாததால் அவன் தோற்கவில்லை. நீங்கள் யாரும் இன்னும் பேசாத விடயத்தில் தோற்றான்.

வெள்ளவத்தையான்

தங்கை சொல்வது முழுக்கச் சரி. அந்த எண்ணை முதலிலேயே எழுதாதது என் பிழை. மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: அதே 60,000 கைகளில் நான் ரேக்காகக் கட்டியது சுமார் 210 டொலர். அதாவது மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து நான் பெற்றது 330. அதில் பெரும்பங்கு தளத்துக்குப் போய், சிறுபங்கு எனக்கு வந்தது. குறைந்த தொகை மேசைகளில் பிளைண்டோடு ஒப்பிடும்போது ரேக் மிகக் கனமானது. சிறிய பொட்டுகளில் அடிக்கடி கோல் செய்பவர்கள் ஒருவரையொருவர் வெல்லாமலே இருவரும் தோற்பது இதனால்தான். பெரும்பாலான தளங்கள் பிளாப் வராத கைக்கு ரேக் எடுப்பதில்லை. ஆகவே பிளாப்புக்கு முன்பே ஏற்றி, எல்லாரையும் மடக்கவைத்து எடுக்கும் ஏழு சதம் முழுதாகவே கைக்கு வரும்.

தம்பியின் கதை என்னை உண்மையிலேயே வருத்துகிறது. நான் வைத்திருக்கும் விதி புதியதல்ல. தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் பெர்குசன் பூச்சியத்தில் தொடங்கி 10,000 டொலர் வரை சென்ற சவாலில், கையிருப்பில் ஐந்து வீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்று வரையறுத்திருந்தார். நான் அதைவிட இறுக்கமாக, ஐந்து டொலர் மேசைக்கு 150 டொலர் கையிருப்பு வைத்திருக்கிறேன். அந்தப் பணம் வீட்டுச் செலவுக் கணக்கைத் தொடுவதே இல்லை. ஓரிரவில் மூன்று தடவை முழுத் தொகையை இழந்தால் கணினியை அணைத்துவிடுவேன். நல்ல சீட்டுடன் இழந்தேனா, முட்டாள்தனமாக இழந்தேனா என்பதை அன்றிரவு ஆராய்வதும் இல்லை. மறுநாள் மாலை, தேநீருடன், ஆறுதலாகப் பார்ப்பேன்.

உயர்தரக் கணிதம்

அன்றிரவு நான்கு தடவை இழந்தது குறித்து, மாறற்றிறன், அதாவது முடிவுகளின் ஏற்ற இறக்கம், என்ன செய்யும் என்பதை எண்களில் சொல்வது நல்லது. ஆறு பேர் மேசையில் நியம விலகல் (முடிவுகள் சராசரியிலிருந்து விலகும் அளவு) பொதுவாக நூறு கைக்கு 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும். 90 என்று கொள்வோம். நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் வெல்லக்கூடிய, அதாவது உண்மையிலேயே நல்ல ஓர் ஆட்டக்காரர் 10,000 கைகள் ஆடினால் எதிர்பார்ப்பு 500, நியம விலகல் 900. அவர் நட்டத்தில் நிற்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 29 வீதம். ஒரு இலட்சம் கைகள் ஆடினாலும் அது சுமார் 4 வீதம் இருக்கிறது.

வெள்ளவத்தையானுக்கும் இதைச் சொல்லவேண்டும். உங்கள் 165 டொலர், 40,000 கைகளில், நூறு கைக்கு 8.25 பிக் பிளைண்ட். அந்த அளவு மாதிரிக்கு நியம விலகல் நூறு கைக்கு 4.5. ஆகவே உங்கள் உண்மையான வீதம் 4 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். முதல் 20,000 கைகளின் நட்டத்திலும் அதிர்ஷ்டத்தின் பங்கு உண்டு. ஆட்டத்தை மாற்றியதால் முடிவு மாறியது என்பது சாத்தியம்; இந்த இரு தொகைகள் மட்டும் அதை நிறுவவில்லை. ஏஸ்-குயீன் கையில் 53க்கு 33 என்று எண்ணினோமே, அதுபோல் தனித்தனிக் கைகளை எண்ணுவதுதான் உறுதியான ஆதாரம்.

மட்டக்குளி புதியவன்

நான் இரண்டு மாதமாக 0.01/0.02 மேசையில் ஆடுகிறேன். ஒரே இனத்தில் நான்கு சீட்டு வந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும்போது எவ்வளவு வரை கட்டலாம் என்று எனக்கு விளங்கவில்லை. எப்போதும் கட்டுகிறேன், எப்போதும் நட்டம். இன்னொரு பிரச்சினையும் உண்டு: போன கிழமை மின்சாரம் நின்று ரவுட்டர் அணைந்தபோது, இரண்டு கிங் வைத்திருந்த என் கை நேரம் முடிந்து தானாக மடக்கப்பட்டுவிட்டது.

வெள்ளவத்தையான்

தம்பி, இரண்டாவதற்கு முதலில் பதில்: ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓடும். 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் நான் வாங்கியது இன்றும் வேலை செய்கிறது.

முதலாவது. பிளாப்பில் உங்களுக்குத் தெரியாத சீட்டுகள் 47; அவற்றில் உங்கள் இனம் 9. அடுத்த சீட்டில் வரும் வாய்ப்பு 19 வீதம். இரண்டு சீட்டையும் பார்க்க முடிந்தால் 35 வீதம். பொட்டில் ஒரு டொலர், எதிராளி 50 சதம் கட்டுகிறார் என்று வையுங்கள். நீங்கள் 50 சதம் கட்டி ஒன்றரை டொலரை வெல்லப் பார்க்கிறீர்கள். அதற்கு 25 வீதம் தேவை. 19 மட்டும் இருப்பதால், அந்த இடத்தில் மட்டும் பார்த்தால் நட்டம். ஆனால் சீட்டு வந்த பிறகு சராசரியாக இன்னும் 61 சதம் அவரிடமிருந்து வாங்க முடியுமானால் கணக்குச் சமனாகிவிடும். ஆகவே அவரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மூன்றாவது சீட்டு ஒரே இனத்தில் விழுந்த பிறகும் கட்டுபவரா என்று பாருங்கள். மிச்சம் 40 சதம் மட்டும் உள்ளவரிடம் காத்திருக்கக்கூடாது.

உங்கள் நட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இன்னொன்றாக இருக்கும்: சீட்டு வந்த பிறகு சிறிய தொகை கட்டுகிறீர்களா?

மட்டக்குளி புதியவன்

ஆம் அண்ணா. பயந்து போய்விடுவார்களோ என்று பத்துச் சதம் கட்டுவேன்.

கொட்டாஞ்சேனை மூத்தவர்

போகமாட்டார்கள், தம்பி. என் கொப்பியில் ஓர் ஆள் சோடிகூட இல்லாமல், ஏஸ் ஒன்றை மட்டும் வைத்து முழுப் பொட்டுக்கும் கோல் செய்தது மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது.

கட்டுபெத்த மாணவன்

ஐயா கேட்டபடி என் பதிவை எண்ணினேன். கடந்த நான்கு மாதங்களில் ரிவரில் பொட் அளவு அல்லது அதற்கு அண்மையான புளஃப் 94 தடவை செய்திருக்கிறேன். மடக்கியவர்கள் 31 பேர். குறைந்தது 47 வேண்டியிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. அவற்றுள் இரண்டாயிரம் கைகளுக்கு மேல் என்னுடன் ஆடி, என்னைக் கவனிக்கக்கூடியவர் என்று நான் கருதும் ஆள் ஒருவர்தான். மற்ற எல்லாரும் வந்துபோகிறவர்கள். அண்ணா சொன்னது இந்த மேசைகளுக்குச் சரி என்று ஏற்றுக்கொள்கிறேன். மூன்று கிழமையாக ரிவரில் புளஃப் செய்வதை நிறுத்திவிட்டேன்.

நேற்று இரவு ஒரு கை வந்தது. பிக் பிளைண்ட் இருக்கையில் எனக்குக் கிங்கும் ஜாக்கும். பிளாப் கிங், ஜாக், 5. இரண்டு சோடி. எதிரே இருப்பவர் எப்போதும் கோல் செய்பவர். பிளாப்பிலும் டேர்னிலும் கட்டினேன், இரண்டுக்கும் கோல் செய்தார். டேர்ன் 6, ரிவர் 10. பொட்டில் இரண்டு டொலர் அளவில் இருந்தபோது ஒரு டொலர் இருபது சதம் கட்டினேன். அவர் மீதி முழுவதையும் வைத்து ஏற்றினார், இன்னும் இரண்டு டொலர் அறுபது சதம். நீண்ட நேரம் யோசித்து மடக்கினேன். அவருடைய சீட்டு எனக்குக் காட்டப்படவில்லை. இரவு முழுக்க அதுவே மனதில் இருந்தது.

வெள்ளவத்தையான்

அவரைப் பற்றி உங்களிடம் எத்தனை கைகளின் பதிவு இருக்கிறது? அதில் ரிவரில் எத்தனை தடவை ஏற்றியிருக்கிறார்?

கட்டுபெத்த மாணவன்

310 கைகள். ஒரு தடவையும் இல்லை.

உயர்தரக் கணிதம்

ஏஸ்-குயீன் பதினாறு விதம், குயீன்-9 பதினாறு விதம். இரண்டுமே அந்த 10 விழுந்ததும் நேராகிவிட்டன (வரிசையான ஐந்து சீட்டு; உங்கள் இரண்டு சோடியை வெல்லும்), இரண்டுமே பிளாப்பில் கோல் செய்திருக்கக்கூடியவை. நீங்கள் மூன்று டொலர் 20 சதத்தோடு அவருடைய இரண்டு டொலர் 60 சதத்தையும் சேர்த்து வெல்ல, 2 டொலர் 60 சதம் கட்டவேண்டியிருந்தது. அவர் ஏற்றிய தொகையில் உங்கள் 1.20க்கு ஈடானதும் உண்டு என்பதால் பொட்டில் இருந்தது 7 டொலர். உங்களுக்குத் தேவைப்பட்டது 27 வீத வெற்றி. 310 கைகளில் ஒரு தடவையும் ஏற்றாத ஒருவரிடம் அந்த 27 எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பாருங்கள், தம்பி. அவர் அப்படி ஏற்றும் நான்கு தடவைகளில் ஒன்றுக்கு மேல் கிங்-10 போன்ற, உங்களிடம் தோற்கும் சீட்டு இருந்தால்தான் அது கிடைக்கும்.

கட்டுபெத்த மாணவன்

கிங்-10 வைத்து அவர் ஏற்றமாட்டார், ஐயா. இரண்டு தடவை அதேபோன்ற சீட்டைக் கோல் மட்டும் செய்து காட்டியிருக்கிறார். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.